பிஸ்டன் உயரமும் எங்கள் பாடும்

எங்கள் ஊரில் ஓர் இன்ஜினைப் பிரித்துப் போட்டால் டாக்டர்களுக்குப் பஞ்சமே இருக்காது. அதுவரை வலை கோத்துக்கொண்டிருந்த ஆம்பிளைகள் எல்லாம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குந்திவிடுவார்கள். ஒருத்தர் நாசில் என்பார், ஒருத்தர் வால்வு என்பார். ஸ்பானரைக் கையில் கொடுத்தால் மட்டும் எல்லாருக்கும் வீட்டில் வேலை வந்துவிடும்.

அன்றைக்குப் பிரித்தது எங்கள் படகின் இன்ஜின். மறுநாள் எங்கள் முறை. ஏரியில் இறால் ஓடும் இடங்களைப் பாடு என்போம். அப்படி ஒவ்வொரு இடத்திலும் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊரே முறை வைத்திருக்கிறது. முறை வந்த நாளில் வெளிச்சம் வருவதற்குள் அங்கே கழி ஊன்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறைக்காரர் இறங்கிக்கொள்ளலாம். நமக்குத் திரும்ப வர மாசக்கணக்கில் ஆகும். அதிலும் எங்களுக்கு வந்திருந்தது முகத்துவாரத்துப் பாடு. அங்கே நீரோட்டம் இழுக்கிற இழுப்புக்கு இன்ஜின் இல்லாமல் போய்ச் சேருவது பெரும்பாடு.

எங்களுக்கு அடுத்த முறைக்காரர் பக்கத்து வீட்டுக்காரர்தான். மனுஷர் காலையிலிருந்தே எங்கள் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரப்படாதீங்கபா, பொறுமையா செய்யுங்க, இன்ஜினு சமாச்சாரம்"னு சொல்லிக்கொண்டிருந்தார். என்ன நல்ல மனசு!

மெக்கானிக் பொன்னேரியிலிருந்து வந்தவர். புது பிஸ்டன் மாட்டியாயிற்று. இனி உயரம் பார்க்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு ஏறி நிற்கும்போது அதற்கும் மேலே மூடுகிற ஹெட்டுக்கும் நடுவே துளி இடம் இருக்க வேண்டுமாம். குறைந்தால் முட்டும், கூடினால் இன்ஜின் பிடிக்காது. அதை அளக்க ஈயக் கம்பி வேண்டும். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பையில் கொண்டுவந்திருந்தார் அந்த மகராசன். என் வீட்டுக்காரர் வலையிலிருந்து ஓர் ஈயக்குண்டைப் பிடுங்கி, சுத்தியலால் தட்டி நீட்டிக் கொடுத்தார். அதை கிரீஸ் தடவி பிஸ்டன் தலையில் ஒட்டி, பழைய கேஸ்கட் தகட்டை நடுவே போட்டு ஹெட்டை இறுக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, மறுபடி கழற்றி, நசுங்கிய ஈயத்தை அளந்தார்கள். இந்த நேரத்துக்கு அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு வந்த டச்சுக்காரர்கள் கோட்டையைக் கட்டி, அதை இடித்தும் முடித்திருப்பார்கள்.

"இன்னா மெக்கானிக்கு, சரியா கீதா?"

"டாப்பா கீது. இதுக்கு மேல அளக்க அந்த பிரம்மனே வந்தாலும் ஆவாது."

உடனே எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். "நீங்க போய்ட்டு வாங்க, நான் பாத்துக்குறேன்"னு என்னைப் பெற்ற நைனா இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். துண்டு விழுந்தால்கூட எடுக்கக் குனியாத மனுஷர் காவலுக்கு உட்கார்ந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் மீன் காயவைக்கிற வேலையில் இருந்தேன்.

திரும்பி வந்து, இருந்த ஒரே ஒரு புது கேஸ்கட்டைப் போட்டு ஹெட்டை மூடி இறுக்கினார்கள். சக்கரத்தைச் சுற்றினால் பாதியில் டொக்கென்று நின்றது. பிஸ்டன் மேலே முட்டுகிறது.

"அளந்தியே, இன்னாத்த அளந்த?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஈயம் சரியில்ல. மீன் புடிக்கிற ஈயத்துல அளந்தா இப்படித்தான்."

"ஹெட்டக் கயட்டிப் பாரேன்."

"கயட்டுனா கேஸ்கட்டு போச்சு, ஒரு தடவ நசுங்கினா அவ்ளோதான். வேற வாங்க பொன்னேரிக்கு ஓடணும், அதுக்குள்ள கடைய சாத்திடுவான். கீழ அட்டையில பேக்கிங் குடுத்து, ஹெட்டோட பிளாக்கத் தூக்கிடலாம்."

பேக்கிங் அட்டையும் அவர் பையில் இல்லை. வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து வெட்டினார்கள். ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் போனார்கள், ஒன்றில் தாய்மாமன்மார் போனார்கள். போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு ஓடிப்போய் நாலு பத்திரிகை கொண்டுவந்தார். "வைங்க, வைங்க, இன்னும் ஒண்ணு வைங்க" என்று அவரே எடுத்தும் கொடுத்தார். கடைசியில் சக்கரம் சுற்றியது. ஆனால் உள்ளே ஏதோ கிணுக் கிணுக்கென்றது. கைப்பிடி போட்டு எத்தனை பேர் மாற்றி மாற்றிச் சுற்றியும் இன்ஜின் வெள்ளைப் புகையைக் கக்கியதே தவிர, பிடிக்கவில்லை. நைனா மட்டும் அந்தக் கிணுகிணுப்பைக் கேட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

விடியுமுன் என் வீட்டுக்காரர் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கழி போட்டே படகைத் தள்ளிக்கொண்டு போனார். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் படகு தடதடவென்று அவர்களைத் தாண்டிப் போனது. தாண்டும்போது அந்த மனுஷர் மரியாதையாகக் கையைக் காட்டினாராம். இவர்கள் போய்ச் சேரும்போது அவர் கழி ஊன்றி முடித்து பீடி பற்றவைத்திருந்தார். முறை போச்சு. எனக்கு அழுகை வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாத அழுகை.

படகு திரும்பியதும், ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே படுத்திருந்த மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினார். இனி கேஸ்கட் போனால் என்ன? உள்ளே பிஸ்டன் தலையில், ஆயில் அப்பி, ஓரம் நெளிந்து கிடந்தது ஒரு ரூபாய்க் காசு.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். நைனா மெதுவாக எழுந்து வந்து, அதை எடுத்து வேட்டியில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நைனா! இன்னா நைனா இது?"

"மரப்படகு கட்டும்போது அடியில காசு வெப்போம்ல? இந்த ஃபைபர் படகுல வெக்க எடமே இல்ல. அதான் இதுல வெச்சி, மேல ஆயில ஊத்தினேன். நாளைக்கு முறையாச்சே, நல்லபடியா போவணுமே."

"முட்டும்போதே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா பலிக்காது."

மெக்கானிக் ஸ்பானர்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். பிறகு பையை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பெற்றவர் என்று பார்த்தேன், இல்லாவிட்டால் அன்றைக்கு என் வாயில் வந்ததை ஊரே கேட்டிருக்கும்.

மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சட்டி இறால் வந்தது. எங்கள் முறைக்கு வரவேண்டிய இறால். நல்ல பெரிசு. அதை நானே உரித்து, நானே குழம்பு வைத்தேன். நைனா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இறாலுன்னா முகத்துவாரத்து இறாலுதான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் காசு பண்ண வேலையப் பாத்தியா? ஒரு ரூபா போட்டு முறைய முழுங்கிட்டியே!"

அவர் கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஆமாம்மா. ஒரு ரூபா பத்தல. அடுத்த முறைக்கு அஞ்சு ரூபா காசா வெச்சிடுறேன்."