கிணற்றில் விழாத மாதம்மாள்

மொரப்பூர் ரயிலடியில் இறங்கி ஈச்சம்பள்ளத்துக்கு வண்டி கேட்டால், வாடகை பேசுவதற்கு முன்னால் பேயைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். எனக்குச் சொன்னவர் வண்டிக்காரர் மாதையன்.

"பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுங்க. ஊர்க்கெணத்துல மாதம்மா இருக்குது."

"யார் அது?"

"ஊர்க்கவுண்டரு நஞ்சப்பன் மவ. எட்டு வருசத்துக்கு முந்தி அந்தக் கெணத்துல வுழுந்து செத்துப்போச்சு. ஆம்பளைங்கள ஒண்ணும் பண்ணாது, நீங்க பயப்படாதீங்க. பொம்பளப் புள்ளைங்களத்தான் புடிக்கும். கையில கயித்தக் குடுத்து, தண்ணி சேந்து சேந்துன்னு சொல்லுமாம்."

நான் கேள்விப்பட்டிருந்த பேய்களெல்லாம் முழுச்சோம்பேறிகள். புளியமரத்தில் உட்கார்ந்து கொலுசு குலுக்குவதற்கு மேல் ஒரு வேலையும் செய்ததில்லை. வேலை வாங்குகிற பேய் என்றதும் பார்த்துவிட்டுத்தான் போவது என்று வண்டியில் ஏறினேன். அது நாற்பத்தாறாம் வருஷம்.

ஈச்சம்பள்ளத்தில் ஒருவர் வெள்ளிக்கிழமை விழுந்தாள் என்றார். இன்னொருவர் செவ்வாய் என்று சத்தியம் செய்தார். யார் தூக்கினார்கள் என்று கேட்டேன், இருவருக்கும் நினைவில்லை. எங்கே புதைத்தது? அதுவும் நினைவில்லை. ஊர்க்கவுண்டர் நஞ்சப்பன் மட்டும், "செத்தவளப் பத்தி என்னங்க பேச்சு?" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்தார். மாடுகளும் ஒன்றும் சொல்லவில்லை.

கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "செத்தவங்களுக்கு ரயில்வே கேட்டுக்கிட்ட வூடு இருக்குதுங்க."

நான்கு மைல் திரும்பி வந்தேன். ரயில்வே கேட்டை ஒட்டி, கேங் கூலிகள் விட்டுப்போன தகரக் கொட்டகை. உள்ளே இருபத்துநாலு வயதுப் பேய் ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்தது. கால் தரையில் படுகிறதா என்று பார்த்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"படுதுங்க. நல்லாப் பாத்துக்கங்க. மோர் குடிக்கிறீங்களா?"

குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

மாதம்மாள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். முப்பத்தாறில் ஈச்சம்பள்ளத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சேவாசிரமம் வந்தது. சேலத்திலிருந்து வந்த பெரிய மனிதர் மேடையில் மாலை போட்டுக் கேட்டதால், நஞ்சப்பன் மறுக்க முடியாமல் தன் நிலத்தில் இடமும் கொடுத்தார், மகளையும் கொடுத்தார். இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மகளைப் பற்றித்தான் அவர் கணக்கு தப்பியது.

ஆசிரமத்தில் நூல் நூற்கவும், எழுதப் படிக்கவும், எல்லாரும் சமம் என்று சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு சேவை செய்து நோட்டில் எழுதவேண்டும். சிறிய ஊரில் எட்டுப் பெண்களுக்கு நாள்தோறும் சேவை எங்கே கிடைக்கும்? சேரிக்குப் போய், கிடைத்த ஒரே கைக்குழந்தையை மூன்று பேர் மாற்றி மாற்றிக் குளிப்பாட்டினார்கள். குழந்தைக்குச் சளி பிடித்தது. மூன்று நோட்டிலும் டீச்சர் 'நன்று' என்று எழுதினார்.

மாதம்மாளுக்கு வேறு சேவை அகப்பட்டது. ஊர்க்கிணற்றுக்குப் பத்தடி தள்ளி ஒரு தட்டைக்கல். சேரிப் பெண்கள் குடத்தோடு அங்கே நிற்கவேண்டும். மனமிருந்து யாராவது சேந்தி, தூக்கி ஊற்றினால் தண்ணீர், இல்லாவிட்டால் நிற்பதுதான். மாதம்மாள் ஆசிரமத்துக்குப் போகுமுன் அத்தனை குடத்துக்கும் ஊற்றினாள். நோட்டு நிறைந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தி சின்னக்கா. பெயரிலேயே அக்கா இருந்ததால் ஊர்க்காரர்களுக்குச் சங்கடம். அவளை மரியாதையாகக் கூப்பிட்டதாகிவிடுமே என்று 'ஏ சின்னி' என்பார்கள். மாதம்மாள் மட்டும் முழுப்பெயரையும் சொல்வாள்.

ஒருநாள் சின்னக்கா, "பாப்பா, உனக்குக் கை வலிக்குது. எனக்கு நின்னு நின்னு காலு வலிக்குது. அந்தக் கயித்த இங்க குடுத்தா ரெண்டு பேத்துக்கும் வைத்தியம் ஆயிடும்" என்றாள்.

"ஊரு ஒத்துக்குமா சின்னக்கா?"

"சித்திரையில தூரு வார எம் புருசன் அதே கெணத்துல முழங்கால் தண்ணியில நின்னாரு. அப்ப ஊரு ஒத்துக்கிச்சே! ஆளு எறங்கலாம், வாளி எறங்கக் கூடாதா?"

இதற்குப் பதில் ஆசிரமத்துப் பாடத்தில் இல்லை. டீச்சரைக் கேட்டாள். "படிப்படியாக மாறும் அம்மா" என்றார் அவர். எத்தனை படி என்று மாதம்மாள் கேட்டதற்கு, மணி அடித்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை அவள் கிணற்றிலிருந்து பத்தடி நடந்துபோய்க் கயிற்றுத் தலைப்பைச் சின்னக்கா கையில் கொடுத்தாள். சின்னக்கா கிணற்று மேடையேறி மூன்று குடம் சேந்தினாள். உருளை எப்போதும்போலக் கிறீச்சிட்டதாம். அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

மத்தியானம் ஊர் கூடியது. நஞ்சப்பன் மகளுக்கு ஒரு வழி விட்டார். "சின்னி கயித்தப் புடுங்கிக்கிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லு. வூட்டுக்குப் போயிடலாம்."

அந்த ஒரு வார்த்தை சொன்னால் சின்னக்காளைப் புளியமரத்தில் கட்டிவைத்து அடிப்பார்கள். சொல்லாவிட்டால் மாதம்மாளுக்கு வீடு இல்லை.

"அவங்க புடுங்கல. நாந்தான் குடுத்தேன்" என்றாள்.

நஞ்சப்பன் எழுந்துபோய், எல்லாரும் பார்க்க, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். செத்தவர்களுக்கு முழுகுகிற முழுக்கு. அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

அடுத்து, தீட்டுப்பட்ட கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யவேண்டும். கிணற்றில் இறங்கி வார யாருக்குத் தெரியும்? சின்னக்காளின் புருஷன் கரியனுக்குத்தான். பெண்டாட்டியின் வாளி பட்டுக் கெட்டுப்போன தண்ணீரைப் புருஷன் கால்விட்டு இறங்கித் தூய்மை செய்யவேண்டும் என்று ஆளனுப்பினார்கள். சொல்லியனுப்பியவர்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கரியன், "அவ தொட்டா தீட்டு, நான் மிதிச்சா சுத்தமுங்களா சாமி?" என்று கேட்டுவிட்டு வர மறுத்தார். அன்றிலிருந்து அவருக்கு யாரும் கூலிவேலை தரவில்லை. வாரம் முடிவதற்குள் கரியனும் சின்னக்காளும் மொரப்பூரில் ரயிலேறிக் குடகுக் காப்பித்தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

ஊர் நாலு நாள் தாகம் தாங்கியது. ஐந்தாம் நாள் இறைக்காமலே குடித்தது. குடித்ததை ஒப்புக்கொள்ள முடியுமா? கிணறு நாலு நாள் ஏன் சும்மா கிடந்தது என்பதற்குக் காரணமாக, மாதம்மாள் விழுந்து செத்தாள் என்ற கதை அப்போதுதான் பிறந்தது. பிணம் மிதந்த கிணற்றுத் தண்ணீரைக் குடிப்போம் என்று ஊரறியச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வெட்கமில்லை. சின்னக்கா வாளி விட்ட தண்ணீர் என்பதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

ஆசிரமத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உன்னால் எங்களுக்குப் பெருமை. ஆனால் இடம் உன் தகப்பனாருடையது. ஆகையால் இப்போதைக்கு வரவேண்டாம். அடுத்த வருஷம் ஆசிரமமே மூடிவிட்டது. பெருமை மட்டும் பாக்கி.

எட்டு வருஷமாக மாதம்மாள் இந்தக் கொட்டகையில். சுற்று ஊர்களிலிருந்து, சேரியும் ஊருமாக, ஒன்பது பெண்பிள்ளைகள் காலையில் வருகிறார்கள். முதல் பாடம் வாசலில் உள்ள கிணற்றில்: ஒருத்தி சேந்துவாள், இன்னொருத்தி குடிப்பாள், மறுநாள் மாறவேண்டும். வண்டிக்காரர் மாதையன் சொன்ன பேய்த்தொழில் இதுதான்.

போனமாதம் ரேஷன் கடையில் சேரிக்காரர்களைக் கடைசியில் நிறுத்தினார்களாம். பதின்மூன்று வயதுப் பழனியம்மாள் பலகையைக் காட்டி, "வரிசையா வரணும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? எந்த வரிசைன்னு எழுதலியே!" என்று கேட்டு, வந்த முறைப்படி நிற்கவைத்துவிட்டாள். கடைக்காரர் வாத்தியார் யார் என்று விசாரித்தார். "செத்துப் போனவங்க" என்றாளாம்.

அதைச் சொல்லும்போது மாதம்மாள் சிரித்தார். மாலை நான்கானதும் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். சத்தம் நின்றதும் கொட்டகை திடீரென்று பெரிதாகிவிட்டது.

"வைகாசி வந்தா இதுல ரெண்டு மூணு கொறையும். கண்ணாலம் பண்ணிக் குடுத்துடுவாங்க. அப்பறம் எதுக்க வந்தாக்கூட என்னத் தெரியாத மாதிரி போவணும். நான் செத்தவதானுங்களே."

"வீட்டிலிருந்து யாரும்..."

"எங்கம்மா ரயிலுக்கு வந்தா இந்தப் பக்கம் திரும்பாது. திரும்பக் கூடாதுன்னு கழுத்தப் புடிச்சுக்கிட்டே நடக்கும். அதுலயே தெரியும், நெனப்பு இருக்குதுன்னு."

என் தொழில் பத்திரிகையில் கேலி எழுதுவது. அன்றைக்கு என்னையறியாமல், "உங்கள் துணிச்சல்..." என்று ஆரம்பித்தேன்.

"முழுசாக் கேட்டுட்டுப் புகழுங்க" என்று தடுத்தார். ராட்டை நின்றது.

"அன்னைக்கு மூணு கொடம் சேந்தினாங்கன்னு சொன்னேனுங்களே, மத்தவங்க கெளம்புனப்பறம் நாலாவதும் சேந்தினாங்க. எனக்காக. 'இத்தன நாளு நீ ஊத்துன பாப்பா, கையேந்து, ஒரு வாய் நான் ஊத்தறேன்'னாங்க. கயித்தக் குடுத்த கைதானுங்க. அது முந்தானைக்குள்ள போயிடுச்சு. நான் போகச் சொல்லல, அதுவா போயிடுச்சு."

"சின்னக்கா என்ன சொன்னார்?"

"சிரிச்சாங்க. தண்ணியக் கல்லுமேல ஊத்திட்டு, 'பரவால்ல, இன்னொரு நாளைக்கு'ன்னாங்க. அந்த நாளு வரல. பஞ்சாயத்துல நான் பேசுனத ஊரே பேசுது, பேயாக்கியாவது பேசுது. இத யாரும் பாக்கல. அவங்களும் நானுந்தான். நீங்க ஊரூராப் போறவங்க. எங்கியாவது பாத்தா சொல்லுங்க, அந்த ஒரு வாய் இன்னும் பாக்கி இருக்குதுன்னு."

தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் நாலு பேரிடம் விசாரித்தேன். குடகில் சின்னக்காக்கள் ஏழு பேர் இருக்கிறார்களாம். ஈச்சம்பள்ளத்துச் சின்னக்கா யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஏழு பேருக்கும் மாதம்மாள் தன் கையால் கடிதம் எழுதினார். பதில் ஒன்றுகூட இல்லை.

தைப்பொங்கலுக்குக் காப்பித்தோட்டத்துக் கூலிகள் ஊர் திரும்புகிற ரயில் மொரப்பூரில் நிற்கும். வருஷம் தவறாமல் அன்றைக்கு மாதம்மாள் பிளாட்பாரத்தில் போய் நிற்கிறார், ஏந்துவதற்கு வெறுங்கையோடு. இந்தத் தையிலும் நின்றார். மூட்டைகளோடு நாற்பது பேர் இறங்கினார்கள். சின்னக்கா அவர்களில் இல்லை.