ஒன்பது அட்டை மாடலும் ஒரு டப்பா வார்னிஷும்

வெளிநாட்டு மேடம் அந்த ஸ்டூலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நீதான் செய்தாயா?" என்று தேவிகாவிடம் இங்கிலீஷில் கேட்டபோது, நான் ஒர்க்‌ஷாப் வாசலில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தேன். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. பதிலும் தெரியும். வாயைத்தான் திறக்கவில்லை. டிசைன் லேபுகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. வேலை

சித்தூரில் மரப்பட்டறையில் இருந்த நான், ஏர்பேடு பக்கம் ஒரு யுனிவர்சிட்டியில் டிசைன் டிபார்ட்மென்டுக்கு லேப் அசிஸ்டென்டாக வந்தேன். காண்ட்ராக்ட் வேலை. வருடா வருடம் ஜூனில் புதுப்பிப்பார்கள். மே மாதம் வந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

தேவிகா படித்துக்கொண்டிருந்தபோதுதான் முதல்முறையாக டென்மார்க்கிலிருந்து ஒரு மேடம் வருவதாக இருந்தது. பிள்ளைகளின் வேலையைப் பார்த்து ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பார். அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம் அங்கே படிப்பு. ஒரே ஒரு சீட்.

அந்த சீட் தேவிகாவுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நகரி பெண். அவளுடைய அப்பா பவர்லூமில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர். அவர் தறியைப் பார்த்தபடியே சாய்ந்து நிற்க ஒரு ஸ்டூல் செய்தாள். முதலில் அட்டையில் ஒன்பது மாடல். ஒவ்வொன்றையும் ஊருக்கு எடுத்துப் போய் அப்பாவைச் சாயவைப்பாள். எங்கே அழுத்துகிறதோ அங்கே அவர் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுப்பார். கடைசியில் மரத்தில் செய்ததும் முழுக்க அவள் கைவேலை. உளி பிடிக்க மட்டும் நான் காட்டிக் கொடுத்தேன்.

2. சுத்தம்

மேடம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் எச்.ஓ.டி. சார் கூப்பிட்டார்.

"ஏமய்யா முனிரத்னம், லேப் பளபளன்னு இருக்கணும். பாரின்லேர்ந்து வராங்க. நம்ம மானம் போயிடக் கூடாது."

தேவிகா பாஸ்போர்ட் விசாரணைக்காக ஊருக்குப் போயிருந்தாள். ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மெஷின்களுக்குக் குங்குமம் வைத்தேன். மேஜைக்கு அடியில் அந்த ஒன்பது அட்டையும் கிடந்தன. கோணலாக, கிழிசலாக, பேனாக் கிறுக்கலோடு. வந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டேன்.

மர ஸ்டூலிலும் உளித்தடமும் பென்சில் கோடும் தெரிந்தன. பிள்ளைக்கு மார்க் குறையுமே என்று சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் வார்னிஷ் அடித்தேன். அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

3. கேள்வி

"நான்தான் செய்தேன்" என்றாள் தேவிகா. மேடம் ஸ்டூலைத் தடவிப் பார்த்தார். கடையில் வாங்கியதுபோல இருக்கிறதே, முதலில் செய்தவை எங்கே என்றார். செல்போனில் இருந்த மூன்று நான்கு போட்டோவை அவள் காட்டினாள். போட்டோவில் இருந்தது சொரசொரப்பான ஸ்டூல். எதிரில் இருந்தது கண்ணாடிபோல் மின்னியது.

"ஏம்மா, ட்ரையல் பீஸெல்லாம் எங்க? மேடத்துக்கு அதாம்மா முக்கியமாம்" என்றார் சார்.

தேவிகா என்னைப் பார்த்தாள். எனக்கு ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. குனிந்துகொண்டேன்.

"காணோம் சார்" என்றாள் அவள்.

சீட் இன்னொரு பையனுக்குப் போனது. அவனுடைய உடைந்த மாடல்கள் ஹாஸ்டல் ரூமில் இருந்ததால் தப்பித்திருந்தன.

சாயங்காலம் ரேணிகுண்டா பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். "அட்டையா? அது காலைலயே லாரி ஏறிடிச்சிப்பா" என்றார் கடைக்காரர்.

4. கையெழுத்து

படிப்பு முடிந்து போகிறவர்களின் பாரத்தில் லேப் அசிஸ்டென்டும் கையெழுத்துப் போட வேண்டும். தேவிகா அதை நீட்டியபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"நாந்தாம்மா தூக்கிப் போட்டேன்."

"தெரியும்ணா. உள்ள வரும்போதே வார்னிஷ் வாசனை அடிச்சிதே."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா உன்ன மாட்டி வுட்ட மாதிரி ஆயிடும். நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேண்ணா."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாரத்தை மடித்துக்கொண்டே, "ஸ்டூல வீட்டுக்கு எத்துக்கினு போனேன். நைனா சாய முடியலண்ணா. வழுக்குது" என்றாள்.

இப்போது அவள் திருப்பதியில் ஒரு மாடுலர் கிச்சன் ஷோரூமில் டிராயிங் போடுகிறாள். வார்னிஷைச் சுரண்டித் தருகிறேன் என்று இரண்டு முறை போன் செய்தேன். "பரவால்லண்ணா" என்றாள். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த வருடம் மேடம் வருவதற்கு முன்பே சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா மேடம் ஒத்துக்கினிருப்பாங்களேய்யா. உன்ன யாரு என்ன பண்ணியிருக்கப் போறாங்க?"

இப்போது லேபில் ஒரு ரேக் முழுக்க உடைந்ததும் கோணலானதும்தான். ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் சாக்பீஸால் எழுதி வைக்கிறேன். அந்தப் பிள்ளையைக் கேட்காமல் ஒரு துண்டு அட்டையைக்கூட எறிவதில்லை. நீங்களும் எறியாதீர்கள். ஆனால் நான் கற்றது அது மட்டும் அல்ல. தெரியாமல் எறிந்ததை அந்தப் பிள்ளை மன்னித்துவிட்டாள். தெரிந்தே குனிந்து நின்றேனே, அதை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. தப்பு செய்துவிட்டால், அது யாருடைய தலையில் விழுகிறதோ அவர் உங்களைப் பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் சாரிடம் ஒரு வருடம் கழித்துச் சொன்னேன்.