இரண்டாவது ஸ்லாட்

என் தங்கை தாரணிக்கு நாற்பத்தேழு வயது. எனக்கு ஐம்பத்திரண்டு. பார்க்கிறவர்கள் அவளைத்தான் மூத்தவள் என்கிறார்கள்; இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் அவள் கணவர் வெங்கட்டுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. பேச்சில் ‘சரி’, ‘இல்ல’, ‘தாரு’ என்ற மூன்று சொற்கள் மட்டும் மிஞ்சின. பிள்ளைகள் இல்லை. அன்றிலிருந்து உட்லண்ட்ஸ் வீட்டின் எட்டாவது மாடியிலிருந்து அவள் இறங்குவது மார்க்கெட்டுக்கும் கிளினிக்குக்கும்தான்.

அவள் வேலை, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது. ஒரு நிறுவனம் தமிழ்க் குடும்பங்களிடம் எடுக்கும் பேட்டிகளை அனுப்பும். இவள் கேட்டு, தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவாள். போன மாதம் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. புது மென்பொருள் வருகிறது, கம்ப்யூட்டரில் எட்டு ஜிபி மெமரி இருக்க வேண்டும், திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குச் சோதனை. தேறாதவர்கள் ஆபீசுக்கு வந்து ஒன்பதிலிருந்து ஆறு வரை உட்கார்ந்து வேலை செய்யலாம்.

ஆபீசுக்குப் போவதென்றால் வெங்கட்டை நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தில் சேர்க்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை அவள் வாங்கி வந்து டிவிக்குக் கீழே இழுப்பறையில் வைத்திருந்தாள். வெங்கட்டுக்கும் அது தெரியும். அந்த இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தாரணியின் மெஷினில் நாலு ஜிபிதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், வெங்கட் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கித் தன் கையால் பூட்டியது. “என் பழைய லேப்டாப்ப எடுத்துக்கடி” என்றேன். மெஷினை மாற்றினால் நிறுவனத்தில் மறுபடி பதிவு செய்ய இரண்டு வாரமாகும் என்றாள். அதுவும் உண்மைதான். அவர் கண் முன்னால் அதைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் இல்லை என்பது அதைவிட உண்மை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரோச்சோர் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அன்வரிடமிருந்து நாலு ஜிபி தகடுகள் இரண்டு வந்தன. மெமரி என்றால் வேறொன்றுமில்லை, ஒரு சாண்கூட இல்லாத பச்சைத் தகடு; அடியில் பொன்னிறப் பற்கள். மெஷினுக்குள் ஒரு போர்டு; அதில் தகட்டைச் செருக இரண்டு ஸ்லாட். பழைய இரண்டு தகடுகளைப் பிடுங்கிவிட்டுப் புது இரண்டையும் செருகினாள். மெஷின் ‘பீப் பீப் பீப்’ என்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை எனக்குத் தாரணியிடமிருந்து போன் வந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. “அக்கா, நீ கொஞ்ச நேரம் வந்து இவரப் பாத்துக்கிறியா? நான் அன்வர் கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்” என்றாள், அவ்வளவுதான். பொங்கோலில் என் வீட்டிலிருந்து கிளம்பிப் போனேன். அதுவரை நான் மாதம் ஒரு தடவை பழமும் புத்திமதியும் கொண்டு போகிறவள். கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பிவிடுவேன்.

அன்றைக்கு மூன்றரை மணி நேரம் அவரோடு இருந்தேன். கழிவறைக்கு இரண்டு தடவை. கஞ்சி ஊட்டினேன், பாதி சட்டையில். சட்டை மாற்றப் போனால் வலது கை விறைத்துக்கொண்டு சட்டைக் கைக்குள் நுழையவே மாட்டேன் என்றது. நான் இழுக்க, அவர் “இல்ல, இல்ல” என்று சொல்ல, எனக்குக் கோபம் வந்து “பேசாம இருங்க வெங்கட்!” என்று கத்திவிட்டேன். அவர் பேசாமல் இருந்தார். அப்போதே எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. நாலு வருடம் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கணக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

தாரணி திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தாள். அன்வர் இரண்டு தகடுகளையும் தன் மெஷினில் போட்டுப் பார்த்தானாம். ஒன்று முதலில் ஓடவில்லை. பென்சில் ரப்பரால் பற்களைத் தேய்த்ததும் ஓடிவிட்டது. தகட்டில் கோளாறு இல்லை. உங்கள் போர்டு பழசு, இந்தத் தகடு அதற்கு ஒத்துப் போகாமல் இருக்கலாம் என்று வேறு வகை இரண்டு கொடுத்திருந்தான். கூடவே எட்டு ஜிபி ஒற்றைத் தகடு ஒன்று, முயற்சிக்கு.

எட்டு ஜிபி தகட்டை அந்த போர்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு வகை இரண்டையும் போட்டாள், பீப். ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டாள், ஓடியது. ஆனால் நாலு ஜிபிதான். அதையே இரண்டாவது ஸ்லாட்டில் போட்டால் பீப். கடைசியில் வெறுத்துப் போய், வெள்ளிக்கிழமை வரை ஓடிய பழைய தகடுகள் இரண்டையும் திருப்பிப் போட்டாள். அதற்கும் பீப்.

“உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா” என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது. தாரணி சிரிக்கவில்லை. சக்கர நாற்காலியிலிருந்து வெங்கட் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் மெஷின்களைத் திறந்து மூடியவர், இப்போது வாய் திறந்து ஒரு யோசனை சொல்ல முடியவில்லை. எனக்கு யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் போனேன். தாரணி அன்வரை போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, தகடு எது போட்டாலும் ரெண்டாவது ஸ்லாட்தான லா பிரச்சினை?” என்றான் அன்வர். “அப்ப தகட்ட விடுங்க. ஸ்லாட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. கரப்பான் முட்டைகூட இருக்கும்.”

நான் கைபேசி விளக்கைப் பிடித்தேன். அவள் குனிந்தாள், நானும் குனிந்தேன். ஸ்லாட்டின் ஓரத்தில் காய்ந்து போன மஞ்சள் பூச்சு. அதன் நடுவில் சிவப்பு.

சந்தனமும் குங்குமமும்.

எங்கள் வீட்டில் புதுப்பொருள் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் தொடக்கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து மிக்ஸி வரை. தாரணி வீட்டில் பொட்டு வைப்பது எப்போதும் வெங்கட்தான். வெள்ளிக்கிழமை அவள் மெஷினைத் திறந்து, பழைய தகடுகளைப் பிடுங்கி வைத்துவிட்டு, கிண்ணத்தை அவருடைய இடது கைக்கு எட்டும்படி வைத்து, “நீங்களே வச்சிருங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருந்தாள். மேல் மூடி கழற்றிக் கிடந்தது. அவர் உள்ளேயே வைத்துவிட்டார். கை நடுங்கியதில் குழைத்த சந்தனம் ஸ்லாட்டுக்குள் வழிந்திருக்கிறது. அதன் மேலேயே தகட்டைச் செருகியிருக்கிறாள். பொன்னிறப் பல்லில் சந்தனம் ஒட்டினால் யார் கண்ணில் படும்?

“அடப்பாவி, இது...” என்று நான் ஆரம்பித்தேன். தாரணி என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

“தூசிக்கா” என்றாள், அவருக்குக் கேட்கும்படி. “வெறும் தூசி. பழைய மெஷின்ல, அதான்.”

அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய பல் துலக்கும் பிரஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் தேய்த்து, பஞ்சால் துடைத்தாள். அரை மணி நேரம் ஆனது. துடைத்த பஞ்சை ஒவ்வொன்றாகத் தன் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். ஒன்று மட்டும் கீழே விழுந்து உருண்டு சக்கர நாற்காலியின் அருகே போய் நின்றது. இளஞ்சிவப்பாக இருந்தது. நான் போய் எடுப்பதற்குள் வெங்கட் பார்த்துவிட்டார். இடது கையை மெதுவாக எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவருக்குப் புரிந்துவிட்டது. இருபது வருடம் இதே தொழில் பார்த்தவருக்குப் புரியாதா? தாரணி திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய் அவருடைய கையை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்துவிட்டு, மடியில் வைத்தாள். “வேணும்னா செஞ்சீங்க? விடுங்க” என்றாள். “சரி” என்றார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் சொல் இல்லை.

தகடுகளைச் செருகி மெஷினைப் போட்டாள். ஒரே ஒரு பீப். திரை வெளிச்சமானது. எட்டு ஜிபி என்று காட்டியது. நான் கைதட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு, மூடியை எடுத்து நாலு திருகாணிகளையும் முடுக்கினாள்.

நான் கிளம்பும்போது லிஃப்ட் வரை வந்தாள். பொத்தானை அழுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா திட்டுவியா?”

“சொல்லு.”

“பழைய தகடும் ஓடலன்னதும், ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சுக்கா. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல, திங்கக்கிழமை ஆபீசு, பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து போலாம்னு தோணுச்சு. அப்புறமும் நானேதான் உக்காந்து தேச்சேன்.”

லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. நான் ஏறவில்லை. திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? மூன்றரை மணி நேரத்தில் அந்த மனுஷரைப் பார்த்துக் கத்தியவள் நான். நாலு வருடமாக ஆப்பிளோடு வந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

“இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை நான் வர்றேன்” என்றேன். “காலையில வந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கேன். நீ வெளிய போ.”

தாரணி என்னைப் பார்த்தாள்.

“எங்கக்கா போறது?” என்றாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.