ரேஷன் கடை வாசலில் எக்ஸ்ரே வண்டி

என் வீட்டுக்காரர் குடுமியான்மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல் குவாரியில் வேலை பார்த்தார். வெடி வைப்பதற்காகப் பாறையில் மெஷினால் துளை போடும் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். குவாரியில் இருமாத ஆளே கிடையாது என்பதால் இருமலை யாரும் நோயாக நினைக்கவில்லை. நானும்தான். இடுப்பில் வேட்டி நிற்காமல் நழுவ ஆரம்பித்தபோதுதான் பயம் வந்தது. ஒருநாள் காலையில் துப்பிய சளியில் ரத்தம் கிடந்தது.

"வெயில் சூடு, வேறொண்ணுமில்ல" என்றார். அன்றைக்கே டவுன் பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன்.

சோதித்துவிட்டு டிபி என்றார்கள். டாக்டரம்மா ஒளிக்காமல் பேசினார். "கல் தூசியால நுரையீரல் கெட்டுப்போயிருக்கு. அந்த மாதிரி எடத்துல இந்தக் கிருமி சுலபமா வந்து உக்காந்துக்கும். மாத்திரையை விடாமச் சாப்பிட்டா டிபி போயிடும். ஆனா தூசி பண்ணினதை மாத்த முடியாதும்மா. வீட்ல இருக்கவங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம்."

வீட்டில் நான், என் மாமியார், நாத்தனார். நாத்தனாருக்குத் திருவரங்குளம் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். கல் உடைக்கும் கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றும் டிப்பர் டிரைவர். மாமியார் ஒரே பிடியாக நின்றார். "கல்யாணத்தைக் கெடுக்கப் பாக்குறியா? நானும் வரமாட்டேன், எம்பொண்ணும் வராது."

மாமியார் தோட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் நாத்தனாரிடம், "நீ ராத்திரி தலையணையில வாயப் பொத்திக்கிட்டு இருமுறது எனக்குத் தெரியும். கெளம்பு" என்றேன். மறு பேச்சில்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சோதித்ததில் எனக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு டிபி இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். நான் தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனில் மாப்பிள்ளையையே கூப்பிட்டிருந்தாள்.

"என்னங்க, எனக்கு டிபின்னு சொல்லிட்டாங்க. மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமாம். வேணாம்னா இப்பவே சொல்லிருங்க."

அவர் சொன்னதைக் கேட்டதும் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்த ஆஸ்பத்திரின்னு கேக்குறாரு மதினி. அவருக்கும் இருமலாம்."

மறுநாளே மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்து சோதித்துப் பார்த்துக்கொண்டார். அவருக்கு டிபி இல்லை. கல்யாணத்தைத் தள்ளிவைப்போம், முறிக்க வேண்டாம் என்று மாமியாரிடம் அவரே பேசினார். போகும்போது என்னிடம், "நான் லோடு ஏத்துற எல்லா எடத்துலயும் இதே இருமல்தாங்க. ஏதாச்சும் பண்ணணும்" என்றார்.

மாத்திரை கொடுக்க வரும் சுகாதாரப் பணியாளரிடம் விசாரித்தேன். ஆட்கள் வருவதாக இருந்தால் எக்ஸ்ரே வண்டியே ஊருக்கு வரும் என்றார். குவாரி மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன்.

"இங்கிட்டு வண்டி வந்து நின்னா குவாரிக்கே கெட்ட பேரு. இருமுறவன வச்சு என்னால வேலை வாங்க முடியாது" என்றார்.

அந்தப் பேச்சு பரவியது. ஆண்கள் என்னைப் பார்த்தாலே இருமலை அடக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சரி, இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று குழாயடிக்குப் போனேன். "ஒங்க வீட்டு ஆளுக்காக மட்டும் கேக்கல. ஒரே ரூம்ல படுத்திருக்கிற பிள்ளைகளுக்கும் சேத்துத்தான் கேக்குறேன்" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். சிலர் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிலர் நின்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை வாசலில் வண்டி வந்து நின்றது. வெகுநேரம் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் வண்டியைப் போகச் சொல்ல மனசில்லை. அப்போது என் மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். என்னிடம் பேசவில்லை. வண்டியிலிருந்த பெண்ணிடம், "எங்க நிக்கணும், சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

அவருக்குப் பின்னால் ஒருத்தி தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அப்புறம் வரிசை தானாகச் சேர்ந்தது.

பிள்ளை பெற்றுச் சில மாதமே ஆன ஒரு பெண் உட்பட, பலருக்கு நோய் இருந்தது பிறகு தெரிந்தது; மாமியாருக்கு இல்லை. அந்தப் பெண் குவாரிக்குள் கால் வைத்ததே இல்லை. எல்லாருக்கும் மருந்து ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்காரருக்கு டிபி குணமாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. குவாரிக்குத் திரும்ப விடவில்லை, இப்போது ஒரு மளிகைக் கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. நாத்தனார் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுத் துளை போடச் சொல்லி நாங்கள் பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டோம். சில நாள் தண்ணீர் விடுகிறார்கள். சில நாள் தண்ணி வண்டி வரலை என்கிறார் மேஸ்திரி. நாங்களும் விடாமல் போய்க் கேட்கிறோம்.

போன வாரம் ஒருவர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறு குவாரிக்கு ஓடிப்போனார். எந்த இடம் என்று டிப்பர் ஓட்டும் எங்கள் மாப்பிள்ளைதான் கண்டுபிடித்துச் சொன்னார். ஓடிப்போனவரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். தகர ஷெட்டில் படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"ஒடம்பு நல்லாயிருச்சுக்கா. எதுக்கு மாத்திரை?"

"நல்லாயிருச்சான்னு டாக்டரம்மா சொல்லட்டும். சட்டையப் போடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

முனகிக்கொண்டே சட்டையைத் தேடினார்.