பின்பக்கம் கண்டக்டர் பொறுப்பு

என் அக்காவின் கணவர் இந்த நகரத்துக்கு வராத வாரமே கிடையாது. ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். மாலையில் தன் ஊரில் ஏறி உட்கார்ந்தால் விடியும்போது எங்கள் பஸ் நிலையத்தில் வந்து இறங்குவார். பகல் முழுவதும் டிப்போ ஓய்வறையில் தூங்கிவிட்டு, மாலையில் அதே பஸ்ஸை எடுத்துக்கொண்டு திரும்புவார். வருஷக்கணக்காக இப்படித்தான். ஆனால் டிப்போவிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டுக்கு ஒரு முறைகூட வந்து எட்டிப் பார்த்ததில்லை. ஏன் அத்தான் என்று கேட்டால், "வண்டி உங்க தெருவுக்குள்ள திரும்பாதே மேடம்" என்பார். மச்சினியைக் கிண்டல் செய்ய அவரிடம் இருந்த ஒரே சரக்கு அந்த 'மேடம்'தான்.

நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் முதலில் சொன்னது இதைத்தான். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். அவர் வண்டியில் ஒரு நாய்க்குட்டிகூட அடிபட்டதில்லை. அப்புறம் உனக்கு என்னடி குறை என்று கேட்டவர்களுக்கு அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. என்னிடம் மட்டும் ஒரு நாள் போனில் சொன்னாள். "அவர் வீட்டுல இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்டி. இருந்தா நாங்க சத்தம் போடக் கூடாது."

அவள் மிகைப்படுத்தவில்லை. நான் போயிருந்தபோது கண்ணால் பார்த்தேன். அவர் தூங்கும் அறைக்கதவு சாத்தியிருக்கும். ஏழு வயதுப் பெரியவள் தட்டைக்கூட இரண்டு கையால் ஏந்தி, ஓசைப்படாமல் தொட்டியில் வைப்பாள். நாலு வயதுச் சின்னவனிடம் ஒரு பொம்மை பஸ் உண்டு. தரையில் ஓட்டினால் கடகடவென்று சத்தம் வரும் என்று அதை மெத்தை மேல்தான் ஓட்டுவான். வாயால் 'புர்ர்' என்பதைக்கூட உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வான். சாயங்காலம் அத்தான் எழுந்து குளித்து, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு படி இறங்குவார். சின்னவன் வாசலில் நின்று, அவர் தெருமுனை திரும்பும் வரை டாட்டா காட்டுவான். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

திமிர் இல்லை, பழக்கம். ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு விசில் என்றால் கிளம்பணும். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், யாருடைய குழந்தை அழுகிறது என்பதெல்லாம் டிரைவர் பார்க்க வேண்டிய வேலை இல்லை என்பது அவர் கட்சி. "முன்னாடி என் பொறுப்பு, பின்னாடி கண்டக்டர் பொறுப்பு" என்று பெருமையாகச் சொல்வார். டிப்போவில் அவருக்கு 'நேரா' என்றே பேர். வீட்டுக்கும் அதே சட்டம்தான். சின்னவன் பிறந்தது, பெரியவளுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது, வீடு மாற்றியது எல்லாம் அவருக்குப் பின்னால் நடந்தன. அக்கா பார்த்துக்கொண்டாள்.

பகலில் ஓடும் டவுன் பஸ்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். "தெருவுக்குத் தெரு நின்னு நின்னு போக நான் என்ன பால்காரனா?" என்று சிரித்தாராம்.

அப்படிப்பட்டவர் இந்தப் பள்ளி விடுமுறையில் தானாகவே லீவு போட்டார். நாலு நாள் எல்லாரும் சிட்டிக்குப் போகிறோம், மேடம் வீட்டில் தங்குகிறோம் என்றார். பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திரும்பும் நாள் மட்டும் டியூட்டியில் சேர்ந்து, தன் பஸ்ஸிலேயே குடும்பத்தைக் கூட்டிப்போவதாகவும் ஏற்பாடு. முன் சீட்டு மூன்று அவர்களுக்கு. "நீ எனக்கு நேர் பின்னாடி உக்காரு. நான் கியர் போடறத விடிய விடியப் பாக்கலாம்" என்று பெரியவளிடம் சொல்லியிருந்தார். அவள் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கத் தண்டோரா போட்டிருந்தாள்.

அக்கா என்னிடம் வேறு ஒன்று சொன்னாள். "இந்த நாலு நாள் பாக்கறேன். அவர் எங்களோட இருந்தார்னா வாயே திறக்காம கூடப் போயிடறேன். இல்லைன்னா பிள்ளைங்களோட இங்கேயே இருந்துடறேன்." நான் ஒரு ஜவுளிக்கடையின் அடித்தளத்தில் துணிகளைப் பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். என் பக்கத்து மெஷின் காலியாக இருந்தது. அக்காவுக்குத் தையல் தெரியும். திங்கட்கிழமை வரை அதற்கு ஆள் போடாதீர்கள் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், அத்தான் தோற்க வேண்டும் என்றே எனக்கு இருந்தது.

முதல் நாள் காலை, "இந்த ஊர் எனக்கு அத்துப்படி. வாங்க காட்டறேன்" என்று முன்னால் நடந்தார். எங்கே கூட்டிப்போனார் தெரியுமா? டிப்போவுக்கு. நகரத்தில் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஓய்வறையின் இரும்புக் கட்டில்களைக் காட்டினார், தன் கட்டில் எது என்று தட்டிக் காட்டினார். ஜன்னல்களில் பழைய போர்வை கட்டிப் பகலை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். டீசலும் ஈரச் சட்டையும் கலந்த வாடை. அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர், "என்ன நேரா, குடும்பத்தையே சர்வீசுக்கு விட்டுட்டியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

ஆனால் பஸ் கழுவும் இடத்தில் பிள்ளைகளை ஒரு வண்டிக்குள் உட்கார வைத்தார். இரண்டு பக்கமும் பெரிய பெரிய பிரஷ் சுழன்று கண்ணாடியில் தண்ணீரை அறைந்தது. பிள்ளைகள் கத்தினார்கள், தொண்டை கிழியக் கத்திச் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். "சத்தம் போட்டுக்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அக்கா நனைந்த தரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. போச்சுடா, மெஷின் காலியாகவே கிடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் மீன் காட்சிசாலைக்குப் போனோம். உள்ளே குளிர்ச்சி, இருட்டு, தொட்டிகளில் மட்டும் வெளிச்சம். அத்தான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார், அவ்வளவுதான், தூங்கிவிட்டார். பகலும் இருட்டும் சேர்ந்தால் அவர் உடம்புக்குத் தெரிந்த வேலை அதுதான். வேறு யாரோ பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டி ஆரவாரம் செய்தன. பெரியவள் ஓடிப்போய் உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ், எங்க அப்பா தூங்கறாரு" என்று அவர்களை அடக்கினாள். பிறகு அவளும் தம்பியும் கால்விரலில் நடந்து மீன்களைப் பார்த்தார்கள். அக்கா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. "நாளைக்குக் கண்ணையே மூட மாட்டேன், பாருங்க" என்றார். சொன்னபடி மூடவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். சுரங்க ரயிலில் போக வேண்டும். ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கும்போது பெரியவள் பாத்ரூம் போகணும் என்றாள். அக்கா சின்னவன் கையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இவனைப் பாத்துக்கோங்க. வண்டி வந்தாலும் ஏறிடாதீங்க, நாங்க வந்துடறோம்."

"சரி சரி. நான் பாக்காத வண்டியா?" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் போய்விட்டுப் படி இறங்கி நடைமேடைக்கு வந்தபோது ஒரு ரயில் அப்போதுதான் போயிருந்தது. தூணுக்குப் பக்கத்தில் சின்னவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஒரு காவலாளி அம்மா குனிந்து அவன் கையைப் பிடித்திருந்தாள். அக்கா ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது.

"உங்க பிள்ளையா? ரொம்ப சமத்துங்க. ஒரு சொட்டு அழல" என்றாள் அந்த அம்மா.

அக்கா மண்டியிட்டு அவன் முகத்தைப் பிடித்தாள். "அப்பா எங்கடா?"

"அப்பா டூட்டிக்குப் போயிட்டாரு" என்றான் சின்னவன். "நான் டாட்டா காட்டிட்டேன்."

அவன் பயந்திருந்தால், அழுது புரண்டிருந்தால், அக்கா அத்தானை நாலு திட்டு திட்டியிருப்பாள், அன்றோடு முடிந்திருக்கும். அவனுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. கதவு மூடியது, அப்பா போய்விட்டார். தினமும் நடப்பதுதானே? அக்கா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று அந்த நிமிஷமே தெரிந்தது, அதில் ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை.

அத்தான் எதிர் ரயிலில் திரும்பி வந்தார். படிகளில் ஏறி இறங்கி இந்தப் பக்கம் ஓடி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நடந்தது இதுதான். ரயில் வந்து நின்றிருக்கிறது. மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்ற யாரையோ அதட்ட அந்தக் காவலாளி அம்மா இரண்டு முறை விசில் ஊதியிருக்கிறாள். இவர் கால் தானாக ஏறிவிட்டது. பிள்ளையின் கை எப்போது நழுவியது என்று தெரியவில்லை. ஏறினவர் நேரே முதல் பெட்டியின் முன்கோடிக்குப் போய், ஓட்டுநர் அறைக் கதவை ஒட்டி நின்று, இரண்டு ஸ்டேஷன் வரை முன்னாலேயே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்.

"ரெண்டு விசில் கேட்டுச்சு. பின்னாடி வர்றான்னுதான் நினைச்சேன்" என்றார். மூச்சு வாங்கியது.

"பின்னாடி வர்றானான்னு யார் பாப்பாங்க அத்தான்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் அக்காவைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அந்தக் கேள்விக்கு அந்தப் பக்கம்தான் பதில் இருக்கும் என்கிற பழக்கம், அவ்வளவுதான்.

பூங்காவுக்குப் போகவில்லை. அன்று மாலை என் சமையலறையில் அக்கா அவரிடம் சொல்லிவிட்டாள். நான் பிள்ளைகளுக்கு ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தேன். மறைத்துப் பேச அந்த வீட்டில் இடமும் இல்லை.

"டவுன் பஸ்ஸுக்கு எழுதிக் குடுத்துடறேன். ஊருக்குப் போனதும் முதல் வேலை அதுதான்" என்றார் அத்தான்.

"குடுங்க, உங்க உடம்புக்கு நல்லது. ஆனா இத்தனை வருஷம் பின்னாடி நான் பாத்துக்கிட்டேன். இனிமே என்னால முடியலங்க. நாங்க இங்கேயே இருந்துடறோம்."

அத்தான் கோபப்படுவார், கெஞ்சுவார், பிள்ளைகளை விட மாட்டேன் என்று கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஆசைப்பட்டேன். "சரி" என்றார். சரியாம்! அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. சரி என்று சொல்லிவிட்டு, குடித்த டம்ளரைக் கழுவி, சத்தம் வராமல் கவிழ்த்து வைத்தார்.

நாலாம் நாள் மாலை வழியனுப்பப் போனோம். அக்காவுக்கு இஷ்டமில்லை, பெரியவள்தான் அழுது அழைத்துப்போனாள். பஸ் நிலையத்தில் வண்டி தயாராக நின்றிருந்தது. முன் சீட்டு மூன்றில் ஒன்றில் அவர் பை, ஒன்றில் தண்ணீர் பாட்டில், ஒன்றில் போர்வை. முந்தின நாளே எல்லாம் முடிவான பிறகும் அந்த மூன்று சீட்டையும் அவர் யாருக்கும் விடவில்லை. பெரியவள் விறுவிறுவென்று ஏறி, போர்வையைத் தள்ளிவிட்டு, அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் வருவேன். அப்பா சொல்லியிருக்காரு."

அக்கா இழுத்தாள். நான் இழுத்தேன். பிள்ளை விடவில்லை. "எல்லாம் உன்னாலதான்!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினாள். பயணிகள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அத்தான் எழுந்து வந்து அவள் பக்கத்தில் குந்தினார். அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். "அப்புறம் ஒரு நாள், என்ன?" என்றார். அவள் இறங்கி என் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இன்ஜின் உறுமியது. சின்னவன் வழக்கம்போல டாட்டா காட்ட ஆரம்பித்தான். கண்டக்டர் கதவைச் சாத்திவிட்டு இரண்டு விசில் கொடுத்தார்.

வண்டி கிளம்பவில்லை.

இன்னொரு முறை ஊதினார். யாரோ உள்ளிருந்து, "டிரைவர் தூங்கிட்டாராய்யா?" என்று கேட்டார்கள். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. அப்போதுதான் பார்த்தேன். அத்தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, உடம்பையே திருப்பி, பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைத்தான். அக்காவை, பெரியவளை, பிறகு சின்னவனை. அக்கா என் கையை நசுக்கினாள். "கிளம்பச் சொல்லுடி" என்றாள்.

சின்னவன் கை அந்தரத்தில் நின்றது. டாட்டா காட்டும்போது அப்பா பார்ப்பது அவனுக்குப் பழக்கமில்லை. மெல்லக் கையை இறக்கினான், பிறகு நகர்ந்து அக்காவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

அத்தான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பஸ் நகர்ந்தது, வளைவில் திரும்பியது, போய்விட்டது. முன் சீட்டில் யாரோ போர்வையை நகர்த்தி உட்காருவது கண்ணாடி வழியே தெரிந்தது.

நாங்கள் வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்த பிறகுதான் சின்னவன் வெளியே வந்து அக்காவின் விரலைப் பிடித்தான். "அப்பா ஏம்மா போகாம நின்னாரு?" என்று கேட்டான்.