தின்லோ என்ற ஒரு சொல்

"மனோங், ஊரே மெச்சுற மூக்காச்சே உங்களோடது. அதுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

ரெமிஜியோவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவன் மனைவி கிளாரிதா எலிசியோவிடம் இப்படித்தான் கேட்டாள். மனோங் என்றால் அண்ணன்; சுருக்கி நோங் என்றும் கூப்பிடுவோம். காபிக் கோப்பையும் பிஸ்கட்டுமாக அங்கே நின்ற எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எலிசியோவுக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

எலிசியோ டூபாஸ் பிலிப்பைன்ஸில் எங்கள் ஓட்டோன் ஊர்க்காரர். இருபத்திரண்டு வருடம் எண்ணெய்க் கப்பல்களில் பம்ப் பார்த்தவர். அந்த வேலைக்காரனைக் கப்பலில் பொம்பா என்பார்கள். கப்பலின் அடிவயிற்றில் பம்ப் அறை. நான்கு ஏணி இறங்க வேண்டும். கச்சா எண்ணெயிலிருந்து கசியும் விஷவாயு அங்கேதான் போய்த் தேங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே நின்றுவிடும். மூக்கை நம்பாதே, வாயுவை அளக்கும் மீட்டரை நம்பு என்று பயிற்சியில் எல்லோருக்கும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

ஆனால் எலிசியோவின் மூக்கு அப்படிப்பட்டது. மீட்டர் கூவுவதற்கு முன்னால் கதவருகிலேயே கண்டுபிடித்துவிடுவார். மூன்று தடவை ஆட்களை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். அதனால் அவர் இருந்த கப்பலில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பொம்பா கதவைத் திறப்பார், தலையை உள்ளே நீட்டி முகர்வார், "தின்லோ" என்பார். எங்கள் பேச்சில் சுத்தம் என்று அர்த்தம். அந்தச் சொல் விழுந்தால் ஆட்கள் இறங்குவார்கள்.

அந்த மூக்கு செத்துப்போனது ஊரில்தான், விடுப்பில் இருந்தபோது. ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து அடுப்பருகே நின்றிருந்தார்.

"கருவாடு கரியாப் போகுது, பக்கத்துலதான நிக்கிறே மனுஷா!" என்று மனைவி மெர்லின் ஓடிவந்து சட்டியை இறக்கினாள். "காய்ச்சல்ல மூளையும் வெந்துபோச்சா?"

அவர் சிரித்துச் சமாளித்தார். பிறகு சாராயம், வினிகர், மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார். எல்லாம் தண்ணீர்தான். மெர்லினிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அது கிளினிக்குக்குப் போகும், கப்பலுக்குத் தகுதியில்லை என்று முத்திரை விழும். பெரியவள் செவிலியர் படிப்பில் இரண்டாம் வருடம். ஐம்பது வயதில் வேறு எந்த வேலைக்குப் போவது? எதுவும் சொல்லாமல் கப்பல் ஏறினார்.

ஆறு மாதம் சும்மா முகர்ந்துவிட்டுத் தின்லோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்; ஒன்றும் நடக்கவில்லை. சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்த ஒரு காலை, பம்பின் அச்சு ஓரத்தில் கசிவு. பழுது பார்க்க ஃபிட்டர் ரெமிஜியோ வந்தான். ஒரே ஊர்க்காரன். பெல்ட் மாற்றுவதற்காக, பம்ப் அறைக் காற்றை வெளியே இழுக்கும் காற்றாடியை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். மீட்டர்கள் மேலே அலுவலக அறையில் சார்ஜில் கிடந்தன.

"போய் எடுத்துட்டு வரவா, நோங்?" என்றான் ரெமிஜியோ. பிறகு அவனே சிரித்தான். "உன் மூக்கு இருக்கிறப்போ அந்த டப்பா எதுக்கு? பார்த்துச் சொல்லு. மதியம் கோழிக்கறியாம், லேட்டாப் போனா சமையக்காரன் எலும்பைத்தான் வைப்பான்."

எலிசியோ தலையை நீட்டி முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். மீட்டர் எடுத்து வா என்று சொல்ல வாயெடுத்தார். ஆறு மாதத்தில் ஒரு நாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை. இன்றைக்கு ஏன் என்று கேட்பானே?

"தின்லோ," என்றார்.

இரண்டாவது ஏணி வரைக்கும் ரெமிஜியோ ஏதோ பாடிக்கொண்டே போனான். மூன்றாவதில் பாட்டு நின்றது. அப்புறம் ஸ்பானர் இரும்பில் மோதி விழுந்த சத்தம்.

எலிசியோ மணியை அடித்தார். இறங்கவில்லை. இறங்கினால் இரண்டு பிணம் என்று படித்தவர். காற்று உருளை மாட்டிய ஆட்கள் வந்து அவனை மேலே கொண்டுவரப் பதினோரு நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே தெரிந்த அவன் காலணியைப் பார்த்தபடி நின்றார்.

விசாரணைத் தாளில், இறந்தவர் மீட்டர் எடுத்துச் செல்லவில்லை என்று எழுதினார்கள். மூக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எலிசியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது மாதம் வீட்டிலேயே கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் மணிலாவுக்குப் போய், கப்பல்காரர்களைச் சோதிக்கும் கிளினிக்கில் டாக்டரின் முன் உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

"எனக்கு வாசனையே தெரியாது டாக்டர். ஒன்றரை வருஷமா."

டாக்டர் தாளைப் புரட்டினார். "கண்ணு இருக்கு, காது இருக்கு, ரத்தம், நுரையீரல், எல்லாம் இருக்கு. மூக்குக்குக் கட்டமே இல்லையே, சார். அதை நாங்க பார்க்கிறதில்ல." தகுதி உண்டு என்று முத்திரை குத்தி நீட்டினார். "அடுத்த ஆள் வாங்க."

அந்தத் தாளோடு எலிசியோ நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். எந்த முத்திரைக்குப் பயந்து வாயை மூடினாரோ, மூக்குக்கு அப்படி ஒரு முத்திரையே இல்லை. கருவாடு கருகிய அன்றே சொல்லியிருந்தாலும் அவருடைய வேலை போயிருக்காது. ரெமிஜியோ மீட்டரோடு இறங்கியிருப்பான்.

அவர் மறுபடியும் கப்பல் ஏறவில்லை. கிளாரிதாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போதும் தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுகிறாள். கேட்கிறவர்களிடமெல்லாம் அவர் இதைச் சொல்கிறார். பாதிப் பேர் குடித்துவிட்டு உளறுகிறார் என்கிறார்கள்.

அவர் உளறவில்லை. அதற்காகத்தான் இதை எழுதினேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ எண்ணெய்க் கப்பலுக்குப் போகிறவர் யாராவது இருந்தால், அவர் பெட்டி கட்டுவதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.