மன்னிப்புக் கேட்கும் மந்திரச் சிறுமி

கணவர் போன தனிமையில் நான் கார்ட்டூன் பார்த்துப் பொழுதைப் போக்குவதாக மத்திகிரியில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. பழைய ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றை மறுபடி பார்த்து, இந்த ரசிகர் குழுவில் விமர்சனம் எழுதுகிறேன்.

நேற்றைய பகுதியில், மந்திரக்கோல் ஏந்திய பள்ளிச் சிறுமி தனியாகப் போராடி ஊரைக் காப்பாற்றுகிறாள். வகுப்புப் பையன் ஒருவன் சாவகாசமாக வந்து, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அதட்டுகிறான். அவள் குனிந்து மன்னிப்புக் கேட்கிறாள். பின்னால் இனிமையான இசை வேறு.

ஊரைக் காப்பாற்றியவள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? அப்படியே எழுதினேன்.

இன்று காலை என் பதிவைக் காணோம். குழுவை நடத்தும் சுரேஷ் எங்கள் மாடியில் குடியிருக்கிறார், தொழிற்சாலையில் சூப்பர்வைசர். டவுன் பஸ்ஸில் பிடித்துக் கேட்டேன்.

"நான்தான் எடுத்துட்டேங்க ஆன்ட்டி. கார்ட்டூன்தானே, விடுங்க. நம்ம குரூப் பசங்க மனசு கஷ்டப்படுறாங்க."

"வெறும் கார்ட்டூன்னா, நாற்பது வயசுல உங்களுக்கெல்லாம் ஏன் மனசு கஷ்டப்படுது?"

பஸ்ஸில் சிரித்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"லேட்டானா சாரி சொல்றதுல என்னங்க தப்பு? எங்க ஃபேக்டரி லைன்ல வேலை பார்க்கிற பொண்ணுங்க தினமும் சொல்றாங்க!"

சிரிப்பு நின்றது. அவருடைய தொழிற்சாலைச் சீருடை அணிந்த பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கார்ட்டூனே தேவலை என்று தோன்றியது.

சுரேஷ், என் விமர்சனத்தை நீக்கிய காரணத்தை இந்தக் குழுவிலேயே எழுத்தில் தெரிவிக்கவும்.